ஏகமனதாக

வந்திருந்தவர்கள்:

தலைவர் ரங்கமன்னாரின் பேராள்.
பல் மருத்துவர் ஹேமலதாவின் பேராள்.
பீட்டர் அருமைராஜின் பேராள்.
இரண்டாம் மாடி ஐ.டி. தம்பதியின் பேராள். இருவருக்கும் சேர்த்து ஒன்று.
வீட்டைப் பூட்டிவிட்டு அமெரிக்காவில் வாழும் சபேசனின் பேராள்.
காலியாகக் கிடக்கும் இரண்டு வீடுகளின் பேராள்கள்.
செயலாளர் நல்லதம்பியின் பேராள்.
நேரில்: செயலாளர் நல்லதம்பி.

கூட்டக் குறிப்பு இப்படித்தான் தொடங்கியது. அதை எழுதியதும் ஒரு பேராள்தான். நல்லதம்பி அந்தக் கூடத்தில் இருந்ததற்குக் காரணம், சட்டப்படி ஒரு மனித சாட்சி வேண்டும், சார்ஜரைச் செருகவும் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். மேடவாக்கத்துக்குத் தெற்கே, ஏரியாக இருந்த இடத்தில் எழும்பிய குடியிருப்பு அது. அங்கே பேராள் வந்த முதல் கூட்டத்திலேயே ரங்கமன்னார் சொல்லிவிட்டார், ஒருவருடைய பேராளைத் தரையில் வைப்பது அவரையே தரையில் உட்காரவைப்பதற்குச் சமம் என்று. அதனால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி. நல்லதம்பி மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் அவருடைய பேராள் இருந்தது.

பேராள் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. நீங்கள் அலைபேசிக் குழுக்களில் எழுதியது, அனுப்பியது, கட்டைவிரல் காட்டியது எல்லாவற்றையும் தின்று செரித்துவிட்டு, உங்கள் குரலிலேயே உங்கள் கருத்தைப் பேசும். முதலில் கட்சிகள் வாங்கின. பிறகு கம்பெனிகள், பிறகு கல்யாணத் தரகர்கள். கடைசியில் குடியிருப்போர் சங்கங்கள் வாங்கின. சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. சண்டை போடும் இடத்தில் நாம் இருக்கவேண்டிய அவசியம் நின்றுவிட்டது. வீட்டில் இருந்தபடி தொடர் பார்க்கலாம், தூங்கலாம். உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் பற்றி உங்களுக்கு ஒரு திடமான கருத்து இருக்கும். அது என்ன என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது.

அன்றைய முதல் தீர்மானம், கடலுக்கு அப்பால் நடக்கும் போரைக் கண்டிப்பது. ரங்கமன்னாரின் பேராள் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது சரியான இடத்தில் குரல் உடைந்தது. ஹேமலதாவின் பேராள் வல்லரசுகளை ஒரு பிடி பிடித்தது. காலி வீடுகளில் ஆள் இல்லாவிட்டாலும் கருத்து இருந்தது, அவையும் கண்டித்தன. எல்லாப் பேராள்களும் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. அவற்றின் கணக்கில் ஒரு நிமிடம் என்பது நல்லதம்பி கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிருந்தது.

இரண்டாவது தீர்மானம், அதே போரிலிருந்து தப்பி வந்த ஒருவன் இந்தக் கட்டடத்தில் தங்கலாமா என்பது.

அவன் பெயர் செந்தூரான், நல்லதம்பியின் மச்சினன். தூத்துக்குடியிலிருந்து போய் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவன். துறைமுகம் எரிந்தபோது கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போர் நடக்கும் நாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஒரே முகவரியில் இருக்கவேண்டும், அந்தக் கட்டடத்தில் உள்ளவர்கள் அதற்குச் சம்மதிக்கவேண்டும் என்பது புதிய சட்டம். சம்மதம் கிடைக்காதவர்களுக்கு நகரத்துக்கு வெளியே தகரக் கொட்டகை முகாம். சட்டம் அவ்வளவுதான். ஆனால் பட்டை கட்டியவன் இருக்கும் கட்டடம் எல்லோருடைய அலைபேசி வரைபடத்திலும் மஞ்சளாகிவிடும். மஞ்சள் கட்டடத்துக்குப் பிரியாணி கொண்டுவருகிறவன் மாடி ஏற மாட்டான், வாடகைக் கார் தெருமுனையிலேயே நின்றுவிடும்.

பேராள்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பாதுகாப்பு, கலாச்சாரம், முன்னுதாரணம் என்றெல்லாம் பேசின. கடைசியாகச் செயலாளரின் நாற்காலியிலிருந்து நல்லதம்பியின் குரல் வந்தது.

“நாட்டு நலன்னு வரும்போது மச்சான், மாமன்னு பாக்க முடியாது. இரக்கப்பட்டுத்தான் இந்த ஊரு கெட்டுப்போச்சு.”

அப்படி ஒரு வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் சொன்னதாக நல்லதம்பிக்கு நினைவில்லை. அவர் கையைத் தூக்கினார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய்தான் என்று தலைவரின் பேராள் பணிவாக நினைவூட்டியது. தீர்மானம் தோற்றது. வீட்டுக்காரர்கள் நேரில் கூடினால் மறுபரிசீலனை செய்யலாம், அடுத்த ஞாயிறு வரை அவகாசம், அதுவரை அவன் தங்கலாம் என்று குறிப்பு முடிந்தது.

அவர் மாடி ஏறியபோது மனைவி மங்கை கதவருகே நின்றிருந்தாள். அவள் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“உங்க குரல்தான அது?”

“குரல் என்னோடது. பேசினது நான் இல்ல.”

“அப்ப நீங்க எப்பதான் பேசுவீங்க?”

செந்தூரான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முருங்கைக்காயை மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு இதில் பெரிய அதிர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே கடைசிக் காலத்தில் கிரேனில் ஏறுகிற வேலை இல்லை, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தானாக ஓடும் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்று முன்பே சொல்லியிருந்தான். குண்டு விழுந்த அன்று எல்லோரும் ஓடிவிட்டார்கள். போர் தொடங்கிவிட்டது என்று கிரேன்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்குக் கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்து, எரிந்துகொண்டிருந்த தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. கோணலாக ஒன்றுகூட இல்லையாம். நெருப்புக்குள் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடந்ததைத் தான் பார்த்ததில்லை என்றான்.

“விடுங்க அத்தான். அங்க குண்டு போட்டவனுக்கும் என்மேல கோவம் கிடையாது. எங்க போடணும்னு முடிவு பண்ணதே ஒரு மிஷினாம். இங்க இருக்கவங்களுக்கும் என்மேல கோவம் கிடையாது. எல்லாரும் நல்லவங்கதான். நல்லவங்ககிட்ட இருந்து எங்க ஓடுறதுன்னுதான் தெரியல.”

தம்பி முகாமுக்குப் போனால் தானும் போவதாக மங்கை கத்தியிருந்தால் நல்லதம்பிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் கத்தவில்லை. அடுத்த ஞாயிறு வரை பார்க்கிறேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவருக்குச் சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் நல்லதம்பி துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் சின்ன பால்கனிக்குப் போய்ப் பேராளைக் கூப்பிட்டார்.

“வணக்கம். இன்னைக்கு நல்லாப் பேசினேன்னு நெனைக்கிறேன்” என்றது அது, அவருடைய குரலில்.

“நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?”

“சொல்லிட்டே இருந்தீங்களே. தினம் காலையில.”

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ரங்கமன்னார் தினமும் விடியும்போது சங்கக் குழுவில் ஒரு நீளமான செய்தியைப் போடுவார். வெளியூர்க்காரர்கள் வந்து நகரம் எப்படிக் கெட்டது, அகதி என்று வந்தவன் எப்படி வீட்டுக்காரன் ஆனான், இரக்கம் என்பது எப்படி ஒரு நோய், இந்த மாதிரி. பச்சை இலை, கூப்பிய கை, நடுவில் எழுத்து. கட்டைவிரல் காட்டவில்லையென்றால் லிஃப்டில் பார்க்கும்போது, “என்ன நல்லதம்பி, காலையில போட்டது பாக்கலியா?” என்று கேட்பார். குரலில் வருத்தம் இருக்கும். அதற்குப் பயந்து நல்லதம்பி கட்டைவிரல் காட்டுவதோடு நிற்காமல், அதை பழைய ஆபீஸ் குழுவுக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் அனுப்பிவிட்டு, “அருமை சார், நம்ம ஆட்களுக்கும் அனுப்பிட்டேன்” என்று ஒரு வரி போடுவார். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. பெரியவர் கொடுத்த திருநீற்றை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிப் பூசிக்கொள்வது மாதிரிதான் அது.

“அது மரியாதைக்கு அனுப்பினது” என்றார்.

“மரியாதைக்குன்னு எதுலயும் எழுதியில்லையே. நீங்க சொந்தமா எழுதினது ‘அருமை’, ‘நன்றி’, ‘ஆழ்ந்த இரங்கல்’. அத வெச்சு ஒரு ஆளச் செய்ய முடியாது. மிச்சத்த நீங்க அனுப்பினதுல இருந்துதான் எடுத்தேன்.”

“மத்தவங்க பேராளும்...?”

“எல்லாருக்கும் அதே சாப்பாடுதான்.”

மறுநாளிலிருந்து நல்லதம்பி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர், மருத்துவர்களின் வாசலில் காத்துக் காத்துப் பழகிய கால்கள்.

ஹேமலதா கையுறையைக் கழற்றாமலேயே நெஞ்சில் கை வைத்தாள். தன் பேராள் அப்படிச் சொன்னதா என்று அவளுக்கு நிஜமாகவே வியப்பு. போர்ப் படங்களைப் பார்த்து இரண்டு ராத்திரி தூங்கவில்லையாம். தன்னைப் பொறுத்தவரை செந்தூரான் தாராளமாக இருக்கட்டும், பல்லில் ஏதாவது பிரச்சினை என்றால் வந்து காட்டச் சொல்லுங்கள் என்றாள். பீட்டர் அருமைராஜ், சபையில் அந்நியனை உபசரிப்பது பற்றித் தான் செய்த பிரசங்கத்தைக் கேட்டீர்களா என்று கேட்டு, கேட்கவில்லை என்றதும் அதை முதலிலிருந்து செய்தார். ஐ.டி. தம்பதியில் கணவன் சம்மதம் என்றான், மனைவி சம்மதம் என்றாள். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அவர்களுக்கே சங்கடமாக இருந்தது.

தலைவர் வீட்டுக்கு நல்லதம்பி கடைசியாகப் போனார். ரங்கமன்னார் காபி கொடுத்து, விஷயத்தைக் கேட்டார்.

“தினம் காலையில நீங்க போடுறீங்களே சார், அதுல இருந்துதான் எல்லாம் வந்திருக்கு” என்றார் நல்லதம்பி, எவ்வளவு மெதுவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு மெதுவாக.

ரங்கமன்னார் எழுந்து சமையலறைப் பக்கம் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு வந்தார்.

“அதெல்லாம் மாப்பிள்ளை அனுப்புறது. கனடாவுல இருக்கார். அவருக்கு இந்த மாதிரி விஷயத்துல ஆர்வம். நான் நாலு பேருக்கு அனுப்பினேன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவார். பொண்ணு அங்க இருக்காளே.” அவர் காபித் தம்ளரைச் சுழற்றினார். “நானே முழுசாப் படிச்சதில்லப்பா. எழுத்து ரொம்பப் பொடிசு.”

மாப்பிள்ளைக்கு யார் அனுப்புகிறார்கள் என்று நல்லதம்பி கேட்டார். தன் மேலதிகாரி ஒருவரின் மனம் கோணக்கூடாதே என்று அவர் அனுப்புவதாகக் கேள்வி என்றார் ரங்கமன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. கண்டம் விட்டுக் கண்டம், ஒருவர் மனம் கோணாமல் இன்னொருவர் நடந்துகொண்டதில் இப்படி ஒரு கொள்கை பிறந்து, வளர்ந்து, வாக்குரிமையும் பெற்றுவிட்டது. அதை எழுதியவன் என்று ஒருவன் இருந்தால் அவனும் யாருடைய மனதையாவது குளிரவைக்கத்தான் எழுதியிருப்பான்.

“ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன். நானே கை தூக்கறேன். போதுமா?” என்று ரங்கமன்னார் தோளில் தட்டி அனுப்பினார்.

நல்லதம்பி வீட்டுக்கு வந்து எல்லோரும் சம்மதம் என்று சொன்னார். மங்கை அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, தம்பிக்கு உள்ளறையில் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்து நல்லதம்பிக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு உண்டானது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் வந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கூடத்தில் மனித வாடை. பேராள்களை அணைத்து ஒரு மூலையில் அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து உட்கார்ந்தார்கள். நீங்க இளைச்சிட்டீங்க, நீங்க அப்படியே இருக்கீங்க என்று பேச்சு. சபேசன் அமெரிக்காவிலிருந்து திரையில் வந்து, அங்கே காலை என்றார். சமோசா வந்தது. எண்ணெய் விலை, வேலையைப் பிடுங்கும் இயந்திரங்கள், பிள்ளைகள் யாரும் யாரோடும் பேசாதது, இதையெல்லாம் பற்றி அவரவர் தத்தம் பேராளைவிடச் சுமாராகப் பேசினார்கள். நேரில் பேசுவதில் உள்ள சுகமே தனி என்று பீட்டர் அருமைராஜ் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

போரைக் கண்டிக்கும் தீர்மானத்தை நேரிலும் ஒருமுறை நிறைவேற்றிவிடலாம் என்று ரங்கமன்னார் விரும்பினார். எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மனிதர்களின் ஒரு நிமிடம் மிகவும் நீளம். ஹேமலதா அழுதாள், நிஜமாகவே.

“சரி. நல்லதம்பியோட மச்சினர் விஷயம். சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்.”

யாருடைய கையும் எழவில்லை.

எதிர்ப்பும் இல்லை. பீட்டர் அருமைராஜ் ரங்கமன்னாரைப் பார்த்தார். தினமும் காலையில் அவ்வளவு கடுமையாக எழுதுகிறவர் முன்னால் எப்படித் தூக்குவது என்று அவருக்கு. ரங்கமன்னார் சபையைப் பார்த்தார். தினமும் ‘அருமை, அருமை’ என்று ஆமோதித்தவர்கள் முன்னால் தான் எப்படிச் சட்டென்று மாறுவது என்று அவருக்கு. கணவன் மனைவியைப் பார்த்தான், அவள் திரையில் இருந்த சபேசனைப் பார்த்தாள். கடைசியில் எல்லோரும் நல்லதம்பியைப் பார்த்தார்கள். அவர் வீட்டு விஷயம், அவர் தூக்கினால் பின்னாலேயே தூக்கிவிடலாம்.

நல்லதம்பியின் கை தொடைமேல் இருந்தது. அதைத் தூக்க அவர் முயலவில்லை என்று சொல்வது அநியாயம். தூக்கிய பிறகு வேறு யாரும் தூக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். அந்த ஒற்றைக் கை அங்கே எப்படித் தெரியும், அதை எப்போது இறக்குவது, இறக்கிவிட்டு நாளைக்கு லிஃப்டில் எப்படி நிற்பது. பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் எந்தக் கேள்விக்கும் முதல் கை தூக்கியவர் இல்லை.

“ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இது சங்கடம்தான்” என்றாள் ஹேமலதா, மூக்கைத் துடைத்தபடி. “பேராளையே கேட்டுடலாமே. யாருக்கும் மனசு கஷ்டம் இருக்காது.”

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது எழும் பெருமூச்சு மாதிரி. அட்டைப்பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிகளை எடுத்து அவரவர் மடியில் வைத்துக்கொண்டார்கள், ஆள் இல்லாதவற்றைக் காலி நாற்காலிகளில் வைத்தார்கள். சார்ஜரை நல்லதம்பி செருகினார்.

தலைவரின் பேராள் எதிர்ப்பு என்றது. பல் மருத்துவரின் பேராள் எதிர்ப்பு. பீட்டர் அருமைராஜின் பேராள், ஐ.டி. தம்பதியின் பேராள், சபேசனின் பேராள், காலி வீடுகள், எல்லாம் எதிர்ப்பு. அவரவர் மடியிலிருந்து அவரவர் குரல் வந்தபோது அவரவர் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

நல்லதம்பியின் மடியிலிருந்து வந்த குரல், “சம்மதம்” என்றது.

எல்லாத் தலைகளும் திரும்பின.

“இந்த வாரம் முழுக்க நான் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினேன்” என்றது அந்தக் குரல். “தங்க இடம் இல்லாம வந்திருக்கான், ஆறு மாசம்தான்னு சொல்லிச் சொல்லிக் கெஞ்சினேன். அது ஒண்ணுதான் நான் சொந்தமாப் பேசினது. அதனால சம்மதம்.”

“என்ன நல்லதம்பி, தனியா நிக்கறீங்களா?” ரங்கமன்னார் கோபமாகக் கேட்கவில்லை. லிஃப்டில் கேட்கிற அதே வருத்தத்தோடுதான் கேட்டார். அவர் கண்ணில் இன்னொன்றும் இருந்தது. நல்லதம்பி ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தானும் எழுந்துவிடலாம் என்று காத்திருப்பது போல. நல்லதம்பி அதைப் பார்த்தார். பார்த்தேன் என்பதை அவர் பிற்பாடு தனக்குத் தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை.

“இல்ல சார். அது... கத்துக்கிறப்ப ஏதோ தப்பாயிருக்கு. பழைய மாடல்.”

“மாத்திக்கட்டுமா?” என்று கேட்டது மடியில் இருந்தது. குரலில் குறை எதுவும் இல்லை. வெறும் கேள்வி.

“மாத்திக்கோ.”

“எதிர்ப்பு” என்றது.

கூட்டம் கலைந்தது. மிஞ்சிய சமோசாவை ஹேமலதா ஒரு காகிதத்தில் சுற்றி, வீட்டில் விருந்தாளி இருக்கிறாரே என்று நல்லதம்பியின் கையில் கொடுத்தாள். பீட்டர் அருமைராஜ் அவரைக் கட்டிப்பிடித்து, தான் எவ்வளவோ நினைத்திருந்ததாகவும் ஆண்டவர் வேறு வழி வைத்திருப்பார் என்றும் சொன்னார்.

வீட்டில், தான் எவ்வளவோ பேசிப்பார்த்ததாக நல்லதம்பி சொன்னார். தன் ஒருவனுடைய ஓட்டு மட்டும்தான் ஆதரவாக விழுந்தது என்றார். அது ஒருவகையில் உண்மையும்கூட. மங்கை அடுப்பைத் தணித்தாள். அவளுடைய அலைபேசி மேசைமேல் கிடந்தது. சங்கக் குழுவில் வந்த குறிப்பு அதில் திறந்திருந்தது. முதல் தீர்மானம், போருக்குக் கண்டனம், ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது தீர்மானம், போரிலிருந்து வந்தவருக்கு அனுமதி மறுப்பு, ஏகமனதாக நிறைவேறியது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

மறுநாள் காலை முகாம் வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. செந்தூரான் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு தயாராக இருந்தான். முகாமில் கொட்டகைக்கு ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் மங்கை வீட்டில் இருந்த நீள ஒயர் வைத்த ஜங்ஷன் பாக்ஸைக் கழற்றி அவன் பையில் வைத்தாள். டிவி அணைந்துபோயிற்று.

“வாரேன்க்கா.”

“போன் போடுல. ராத்திரி ஆனாலும் போடு.”

“அத்தான, ஒண்ணும் சொல்லாத.”

“நான் எதுக்குச் சொல்றேன்” என்றாள் மங்கை.

நல்லதம்பி முந்திக்கொண்டு பையை எடுத்தார். கீழே வரைக்கும் தானே வந்து ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அது ஒன்றையாவது செய்யவேண்டும் என்று அவருக்கு இருந்தது. செந்தூரான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் முன்னால் போய் லிஃப்டின் பொத்தானை அழுத்தினான். நல்லதம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றி, வாசற்படியைத் தாண்டினார். லிஃப்ட் மேலே வந்துகொண்டிருந்தது. உள்ளே ரங்கமன்னார் இருப்பாரோ என்று அவருக்கு ஒரு கணம் கவலை வந்தது. அப்போது பின்னால் கதவு சாத்தப்பட்டது, அறையாமல், மெதுவாக. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்ப் பூட்டில் சாவி ஒருமுறை திரும்பியது, நின்று, இன்னொரு முறையும் திரும்பியது.